பொம்மைக்குள் சீரியல் செட்

ஆனித் திருவிழாவுக்கு ஜோடித்த திருநெல்வேலி டவுனைப் பார்த்து வளர்ந்த எவனிடமாவது, விளக்கு எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். வழி தெரிய என்று சொல்லமாட்டான். ரத வீதியில் வழி தெரிய நாலு டியூப் லைட் போதும். அங்கே தொங்கும் ஆயிரக்கணக்கான பல்புகளின் வெளிச்சத்தில் யாரும் எதையும் தேடுவதில்லை. அண்ணாந்து அந்த விளக்குகளையேதான் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். கரண்ட் வருவதற்கு முந்தியே ஊருக்கு இந்தப் புத்தி உண்டு. நெல்லையப்பர் கோயிலில் தை அமாவாசைக்குப் பத்ர தீபம், 6 ஆண்டுக்கு ஒருமுறை லட்ச தீபம். 1944-ல் பாபநாசத்து நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, தாமிரபரணித் தண்ணீர் மின்சாரமாகவும் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. அகல் இருந்த இடத்தில் குண்டு பல்பும், பிறகு சீரியல் செட்டும் வந்தன. அண்ணாந்து பார்க்கிற கழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

கையில் வைத்து ஆடும் வீடியோ கேமைத் திறந்து, பட்டனுக்கு அடியிலும் கூட்டின் ஓரத்திலும் கலர் கலராக எல்.இ.டி. பதிக்கும் கைவேலை ஒன்று இப்போது உலகமெங்கும் நடக்கிறது. கண்ணாடி மாதிரிக் கூடு, உள்ளே பச்சை சர்க்யூட் பலகை, அதைச் சுற்றி ஊதாவும் நீலமும் ஓடும். பார்க்கிற பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதனால விளையாட்டுக்கு என்ன பிரயோசனம்?" ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த விளக்கு அங்கே போய்ச் சேர்ந்த பாதை ரொம்பச் சுற்றுவழி. முதலில் விளக்கே விளையாட்டாக இருந்தது. பிறகு பேட்டரியைத் தின்கிறது என்று துரத்திவிட்டார்கள். இருட்டில் கண் தெரியாமல் தவித்தவர்கள், கூட்டை அறுத்துப் பின்வாசல் வழியாக அதைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். நகையானது அதற்கெல்லாம் பிறகு.

இந்தக் கதையில் எனக்கும் ஓர் ஓரத்தில் சின்ன இடம் இருக்கிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஒரு பொருளைக் கெடுத்த கதைதான்.

1990-களின் கடைசி. திருவிழாக் கடையில் 'பிரிக் கேம்' வாங்கினேன். '9999 இன் 1' என்று முகப்பில் போட்டிருக்கும். உண்மையில் ஏழெட்டு விளையாட்டுதான், வேகத்தையும் சுவரின் உயரத்தையும் மாற்றி மாற்றி எண்ணி ஒன்பதாயிரம் ஆக்கியிருப்பார்கள். சாம்பல் திரையில் கறுப்புக் கட்டங்கள் விழும். மாஸ்கோவில் 1984-ல் அலெக்ஸி பஜித்னோவ் உண்டாக்கிய டெட்ரிஸின் பிள்ளை என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே குறை, இருட்டினால் கட்டம் தெரியாது. கரண்ட் போனால் பொம்மை கல்தான்.

ஜங்ஷன் பக்கம் ரேடியோ ஸ்பேர்ஸ் கடையில் ஒரு சிவப்பு எல்.இ.டி. வாங்கினேன். பாடப்புத்தகம் அதற்கு 'ஒளி உமிழும் டையோடு' என்று பேர் வைத்திருந்தது. கடையில் அப்படிக் கேட்டால் சிரித்திருப்பார்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில், எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி இரண்டு முழம் ஓசியில் கிடைத்தது. பேட்டரி முனைகளில் நேராகச் சுற்றினேன். எரிந்தது! திரைக்கு மேல் ஒரு செந்தூரப் பொட்டு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கால் மணி நேரத்தில் பொட்டு மங்கியது, தொட்டால் சுட்டது, பிறகு செத்தது. போகும்போது பேட்டரியையும் பாதி உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது.

காயில் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏல, ரெசிஸ்டர் போட்டியா?"

"போடல அண்ணாச்சி."

"பின்ன எப்படிலே தாங்கும்? குண்டு பல்புக்கு உள்ள இருக்க கம்பியே தடை. இதுக்கு வயித்துல தடை கிடையாது. குடுக்கக் குடுக்கக் குடிச்சிக்கிட்டே இருக்கும். குடிச்சே சாவும்."

இயற்பியல் வகுப்பில் ஒரு வாரம் நடத்தியதை அண்ணாச்சி நாலு வரியில் முடித்தார். இரண்டு செல் போட்டால் 3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்கு வேண்டியது ஏறத்தாழ 2 வோல்ட். மிச்ச 1 வோல்ட்டை யாராவது தாங்க வேண்டும். 10 மில்லி ஆம்பியர் ஓடினால் போதும் என்று வைத்துக்கொண்டால் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. காலணாப் பொருள். அது இல்லாததால்தான் பொட்டு போயிற்று.

அண்ணாச்சிக்குத் திருவிழாக் காலத்தில் சீரியல் செட் வேலையும் உண்டு. 6 வோல்ட் பல்பு நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்து, ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோத்தால், வீட்டு 230 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று உயிரை விட்டால் வரிசை முழுதும் அணையும். ஏணி மேல் நின்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டுப்பலகையில் பல்புகளால் மயிலும் வேலும் வரைந்து, மயில் தோகை விரிப்பதுபோல் ஓடவைக்கப் பின்னால் ஓர் உருளை சுற்றும். உருளைமேல் ஆங்காங்கே செம்புத் தகடு. தகடு தொடும் வரிசை எரியும், நகர்ந்தால் அணையும். முன்னால் நின்று மயிலைப் பார்ப்பவர்களுக்குப் பின்னால் கடகடவென்று அந்த உருளை படும் பாடு தெரியாது. எனக்கு மயிலைவிட உருளை பிடிக்கும். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று செம்பில் எழுதி வைத்த புரோகிராம் அது.

இனி, விளக்கே விளையாட்டாக இருந்த காலத்துக்குப் போவோம்.

எல்.இ.டி.யின் பிறப்பிலேயே தகராறு உண்டு. 1907-ல் ஹென்றி ரவுண்ட் என்ற ஆங்கிலேயர், சிலிக்கன் கார்பைடு கல்லில் மின்சாரம் பாய்ச்சினால் மங்கலாக ஒளிர்வதைப் பார்த்து ஒரு சிறு குறிப்பு எழுதிவிட்டு விட்டுவிட்டார். 1920-களில் ஓலெக் லோசெவ் என்ற ரஷ்யர் அதே வெளிச்சத்தைப் பிடித்து ஆராய்ந்தார். 1942-ல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் இறந்தார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பில், பயன்படும் எல்.இ.டி. ஒன்றை 1962-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். 1970-களில் கால்குலேட்டர்களில் எண்கள் சிவப்பாக எரிந்ததற்கு அந்த வழிதான் காரணம்.

அப்படி ஒரு கால்குலேட்டரைக் கையில் வைத்திருந்த ஜார்ஜ் குளோஸ் என்பவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. எண்ணைக் காட்ட எரிந்து அணையும் இந்தக் கோடுகளை, நகர்வதுபோல் எரிய வைத்தால் என்ன? அவர் இருந்தது பார்பி பொம்மை செய்யும் மாட்டெல் கம்பெனியில். 1976-ல் 'ஆட்டோ ரேஸ்' வெளிவந்தது. முழுக்க மின்னணுவில் ஓடிய முதல் கையடக்க விளையாட்டு என்று இதைத்தான் சொல்கிறார்கள். கார் என்பது ஒரு சிவப்புக் கோடு. எதிரே வரும் கார்களும் சிவப்புக் கோடுகள். மூன்று தடம். மொத்த விளையாட்டும் 512 பைட்டுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் வரும் ஒரு குட் மார்னிங் படத்தின் ஓரத்துக்குக்கூட அது காணாது. திரை என்று தனியாக எதுவுமே கிடையாது. விளக்குதான் கார், விளக்குதான் எதிரி, விளக்கு இல்லாத இருட்டுதான் சாலை. அண்ணாச்சியின் உருளை செய்த அதே காரியத்தை ஒரு சில்லு செய்தது.

ஆனால் எல்.இ.டி. பேட்டரி தின்னும். ஆட்டோ ரேஸுக்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். ஜப்பானில் இன்னொரு மனிதர் இதற்கு நேர் எதிராக யோசித்தார். நிண்டெண்டோவின் குன்பே யோக்கோய். ரயிலில் பொழுது போகாத ஒரு பயணி கால்குலேட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததில் பிறந்தது அவருடைய 'கேம் அண்ட் வாட்ச்' என்பார்கள். 1980 ஏப்ரலில் வந்தது. அதற்குள் கால்குலேட்டர்கள் எல்.சி.டி.க்கு மாறியிருந்தன. எல்.சி.டி. சொந்தமாக ஒளி விடாது, வெளியிலிருந்து வரும் ஒளியை மறைக்க மட்டும் தெரியும். தோல்பாவைக் கூத்தில் விளக்கை எடுத்துவிட்டுப் பாவையை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி. வெளிச்சத்தை ஆடுபவர்தான் கொண்டுவர வேண்டும். பதிலுக்கு, கைக்கடிகாரத்துக்குப் போடும் பொத்தான் பேட்டரியே போதும்.

நாள்பட்டு, மலிந்து, சூட்சுமம் முழுக்கத் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய வேலைக்குத் திருப்புவதுதான் யோக்கோயின் கொள்கை. அதில் வந்ததுதான் 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் வெளியான கேம் பாய். பச்சை ஏறிய திரை, நாலே நாலு சாயல், பின்னால் விளக்கு கிடையாது. போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸும் சேகா கேம் கியரும் கலர் திரையும் உள்வெளிச்சமும் வைத்து வந்தன. ஆளுக்கு 6 செல் விழுங்கி, நாலைந்து மணி நேரத்தில் கண் மூடின. கேம் பாய் 4 செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஜெயித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்தை எடுத்துவிட்டு ஜெயித்த பொருள் அது.

முழுக்க எடுத்துவிடவும் இல்லை. திரைக்கு இடப்பக்கம் ஒரே ஒரு சிவப்பு எல்.இ.டி. இருந்தது. பேட்டரி இறங்க இறங்க அதுவும் மங்கும். அது சொல்லும் தகவல் அவ்வளவுதான். ஆனால் 1996-ல் உடம்பை இளைத்துக் கேம் பாய் பாக்கெட் வந்தபோது அந்தப் பொட்டை எடுத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்துச் செய்தவற்றில் விளக்கு திரும்ப வந்தது. பூஜை அறையில் ஜீரோ வாட் பல்பு எரியவில்லை என்றால் வீட்டில் வரும் முணுமுணுப்புதான் இது. அது எரிவதால் எதுவும் ஆவதில்லை, அணைந்தால்தான் தெரிகிறது. அலங்கார விளக்கின் முதல் விதையை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். வேறு யாரும் அப்படிச் சொல்லிப் படித்ததில்லை, என் எண்ணம் இது.

யோக்கோயின் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. விளக்கை விலக்கி ஜெயித்தவர், 1995-ல் விளக்கால் தோற்றார். 'வர்ச்சுவல் பாய்' என்று, கண்ணை ஒரு பெட்டிக்குள் நுழைத்துப் பார்க்கும் கருவி. ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிவப்பு எல்.இ.டி. ஒரே வரிசையாக. ஆடும் கண்ணாடி ஒன்று அந்த வரிசையைப் படமாக விரித்துக் காட்டும். ஏன் சிவப்பு மட்டும்? மலிவு, மின்சாரமும் குறைவு. மற்ற நிறங்களைச் சேர்த்தால் விலை எட்டாது. கறுப்பில் சிவப்பையே பார்த்துப் பார்த்து ஆடியவர்களுக்குத் தலை வலித்தது. ஏறத்தாழ 7 லட்சத்து 70 ஆயிரம் விற்று நின்றுபோனது. அடுத்த ஆண்டு யோக்கோய் கம்பெனியை விட்டார். 1997-ல் சாலை விபத்தில் இறந்தார்.

நீலம் வரும் வரை எல்.இ.டி. அலங்காரத்துக்கு லாயக்கில்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சிக்னல் கம்பத்து நிறங்கள்தான் இருந்தன. நீலம் இல்லாமல் வெள்ளையும் கிடையாது, ஊதாவும் கிடையாது. ஜப்பானின் நகோயாவில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் காலியம் நைட்ரைடு படிகத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். அனான் என்ற சின்ன ஊரில், நிச்சியா என்ற கம்பெனியில் ஷூஜி நாக்காமுரா தனியாக மல்லுக்கட்டினார். 1993 நவம்பரில் பளிச்சென்ற நீல எல்.இ.டி.யை நிச்சியா அறிவித்தது. கண்டுபிடித்தவருக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி 20,000 யென். வழக்கு நடந்து, 2005-ல் 84 கோடி யென் அளவுக்குச் சமரசமானது. 2014-ல் மூவருக்கும் நோபல். நீலம் மலிந்து கடைத்தெருவுக்கு வந்தபோது பார்த்ததற்கெல்லாம் நீல விளக்கு வைத்தார்கள். டிவிடி பிளேயர், கம்ப்யூட்டர் பெட்டி, ஆட்டோவின் வயிறு, ஆம்னி பஸ்ஸின் நெற்றி. கண் கூசியது. பஞ்சத்தில் அடிபட்டவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

அதே சமயத்தில் கேம் பாய்க்காரர்களின் பழைய புலம்பல் உச்சத்துக்குப் போனது. இருட்டில் ஆட விளக்கு வைத்த பூதக்கண்ணாடி விற்றது, அதற்குத் தனியாக 2 செல். பக்கவாட்டுத் துளையில் சொருகிக் கழுத்தை வளைக்கும் புழு விளக்கு விற்றது. 1998-ல் நிண்டெண்டோவே உள்வெளிச்சம் வைத்து 'கேம் பாய் லைட்' என்று ஒன்றை விட்டது, ஜப்பானுக்கு மட்டும். 2001-ல் கேம் பாய் அட்வான்ஸ் வந்தது. 32,768 நிறம் காட்டும் திரை, ஆனால் வெளிச்சம் கிடையாது. அதோடு வந்த 'காசில்வேனியா' விளையாட்டோ முழுக்கப் பேய்க்கோட்டை, இருட்டு மாளிகை. இருண்ட திரையில் இருண்ட கோட்டை. வெயிலில் போய் நின்று பேய் வேட்டை ஆட வேண்டியிருந்தது.

பொறுக்க முடியாமல் அமெரிக்காவில் சிலர் கூட்டைத் திறந்தார்கள். 2002-ல் டிரைடன் லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் 'ஆஃப்டர்பர்னர்' என்ற பெயரில் ஒரு பொட்டலத்தை 35 டாலருக்கு விற்றது. திரைக்கு முன்னால் வைக்கும் மெல்லிய தெளிந்த தகடு, அதன் ஓரத்தில் விளக்கு, ஓரத்து ஒளி தகட்டுக்குள் ஓடித் திரைமேல் கவியும். மாட்டுவது லேசில்லை. கூட்டின் உட்சுவரைக் கத்தியால் செதுக்க வேண்டும். பிரதிபலிப்பைத் தடுக்கும் ஒரு படலத்தைக் குமிழி விழாமல் ஒட்ட வேண்டும். ஒரு தூசி உள்ளே போனால் நட்சத்திரம் மாதிரி நிரந்தரமாக மின்னும். பேட்டரி முனைக்கு இரண்டு கம்பி சால்டர் வைக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் திருகுக் குமிழும் வைக்கலாம். பள்ளிப் பையன்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதைச் செய்தார்கள். சிலர் கெடுக்கவும் செய்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் நிண்டெண்டோ, முன்விளக்கு வைத்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி.யைக் கொண்டுவந்தது.

கம்பெனி விளக்கு கொடுத்துவிட்டது, கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கூட்டைத் திறக்கலாம் என்று கை கண்டுகொண்டது. தேவை தீர்ந்த பிறகும் கை சும்மா இருக்காது.

தேவைக்கும் அலங்காரத்துக்கும் நடுவே பாலம் போட்டவர்கள் இசைக்காரர்கள் என்பது என் கணிப்பு. பழைய கேம் பாயின் ஒலிச் சில்லை வாத்தியமாக்கியவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். அதற்கான மென்பொருளான ஆலிவர் விட்ச்சோவின் 'நானோலூப்' 1998-ல் வந்தது. ஸ்வீடனில் யோஹான் கோட்லின்ஸ்கியின் 'லிட்டில் சவுண்ட் டிஜே' 2000-ல். இதை வைத்து மேடையில் வாசிப்பவருக்கு ஒரு சங்கடம்: அரங்கம் இருட்டு, திரை தெரியாது. அதனால் திரையின் பின்னால் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளைப் பிளேடால் சீவி எடுத்தார்கள். அந்த இடத்தில் எல்.இ.டி. பலகையைச் செருகினார்கள். சீவும்போது கை ஒரு நூல் வழுக்கினால் திரையில் கோடு கோடாக உயிர் போகும். செருகும் பலகை நீலத்தில் கிடைத்தது, பச்சையில் கிடைத்தது, ரோஜா நிறத்திலும் கிடைத்தது. வாசிப்பவருக்குத் தன் திரை தெரிந்தால் போதும், நிறம் எதுவானால் என்ன? ஆனால் எதிரே ஆட்கள் நிற்கிறார்கள். இருட்டில் அவர்களுக்குத் தெரிவதெல்லாம் வாசிப்பவர் கையில் ஒளிரும் அந்தச் சதுரம்தான். விளக்கு ஆடுபவரை விட்டுப் பார்ப்பவர் பக்கம் திரும்பிய இடம் அது. ரத வீதிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மிச்சம் வேகமாக நடந்தது. நிண்டெண்டோ 1995-லேயே உள்ளுடம்பு தெரியும் கண்ணாடிக் கூட்டில் கேம் பாய் விற்றிருந்தது. அந்த மாதிரிக் கூடு தனியாகவே கிடைக்க ஆரம்பித்தது. பட்டன்களும் கண்ணாடியாகின. அடியில் ஒரு எல்.இ.டி. வைத்தால் பட்டன் மாதுளை முத்து மாதிரி எரியும். பிறகு 2010-களின் தொடக்கத்தில் சீனாவின் வேர்ல்டுசெமி கம்பெனி டபிள்யூ.எஸ். 2812 என்ற சில்லு விளக்கைக் கொண்டுவந்தது. 5 மில்லிமீட்டர் சதுரம். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும், அவற்றை ஆள ஒரு குட்டி மூளையும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி, மூன்றையும் கலந்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் நிறம்.

அது வேலை செய்யும் விதத்தைக் கல்யாணப் பந்தியில் வைத்துப் பார்க்கலாம். அப்பளக் கூடை முதல் இலைக்காரர் கையில் வருகிறது. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவருக்குத் தள்ளுகிறார். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு. இங்கே அப்பளம் என்பது 24 பிட் செய்தி: எந்த நிறம், எவ்வளவு. முதல் விளக்கு முதல் 24 பிட்டை வைத்துக்கொண்டு பாக்கியைத் தள்ளிவிடும். எத்தனை விளக்கு இருந்தாலும் செய்திக்கு ஒரே கம்பி. அண்ணாச்சியின் உருளையில் வரிசைக்கு ஒரு கம்பி வேண்டியிருந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் பாட்டன் குணம் போகவில்லை. நடுவில் ஒரு விளக்கு செத்தால் செய்தி அங்கேயே நின்றுவிடும், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஊமை. ஏணிமேல் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த அதே சீரியல் செட் வியாதி.

பேட்டரிக் கணக்கும் பழைய கணக்குத்தான். அப்படி ஒரு விளக்கு முழு வெள்ளையில் எரிந்தால் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். பத்து விளக்கு என்றால் 600. கேம் பாய் அட்வான்ஸ் 2 செல்லில் ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடும் என்று சொன்னார்கள். ஒரு நல்ல செல்லின் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போட்டால், மொத்தக் கருவியும் இழுப்பது 150 மில்லி ஆம்பியர் பக்கம்தான். வீட்டுக்காரரைவிட வாசல் தோரணம் நாலு மடங்கு சாப்பிடுகிறது. அதனால் தெரிந்தவர்கள் வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து வைக்கிறார்கள், அல்லது ரீசார்ஜ் பேட்டரிக்கு மாற்றிவிடுகிறார்கள். யோக்கோய் ஏன் விளக்கைத் துரத்தினார் என்பதை ஒவ்வொரு பையனும் தன் கைப்பேட்டரி செத்துத் தெரிந்துகொள்கிறான்.

இப்போது கம்பெனிகளே வைத்து அனுப்புகின்றன. 2023-ல் வந்த ஏசஸ் ராக் அலாய் என்ற கையடக்கக் கருவியில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளைச் சுற்றியும் நிறம் மாறும் ஒளி வளையம். பல சீனக் கருவிகளிலும் அப்படியே. எனக்கு அதில் ருசி இல்லை. எல்லா நிறமும் ஓடும், எல்லோருடையதும் ஒரே மாதிரி ஓடும். கத்தியால் செதுக்கி, தூசி ஊதி, பயந்து பயந்து சால்டர் வைத்து, ஒரே ஒரு பட்டனுக்கு அடியில் ஒற்றை நிறத்தில் ஒன்றை எரிய வைத்தவனின் விளக்குக்குத்தான் என் ஓட்டு. கோணலாக இருந்தாலும் சரி.

என் பிரிக் கேம் பரணில் கிடந்தது. போன வருஷம் எடுத்து 2 செல் போட்டேன், கட்டம் விழுந்தது. செத்த சிவப்புப் பொட்டு எனாமல் கம்பியோடு இன்னும் திரைக்கு மேல் தொங்குகிறது. அதை மாற்றலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மாற்றவில்லை. பக்கத்திலேயே இன்னொரு எல்.இ.டி. வைத்தேன், இந்த முறை ரெசிஸ்டரோடு.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஸ்குரூ டிரைவரும் கையுமாக ஒரு பழைய வீடியோ கேமைத் திறந்தால் திட்டாதீர்கள். முதலில் செல்லைக் கழற்றச் சொல்லுங்கள். 3 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி.க்கு 100 ஓம். கழற்றிய பழைய திரையைக் குப்பையில் போடவேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள், அதே மாதிரித் திரை இனி லேசில் கிடைக்காது.